மச்சான் கொண்டுவந்த கோயிற் கல்

நவம்பர் 14, வெள்ளி இரவு

மச்சான் சிவநேசன் மீது என் முறைப்பாடுகள்:

1. நவம்பர் 3: நாங்கள் குடும்பமாகச் சுற்றுலா போன ஹவாயில், அத்தீவு மக்களின் பழங்காலக் கோயில் இடிபாட்டில், எதையும் தொடவேண்டாம் என்ற பலகைக்கு அருகிலேயே கற்பூரம் கொளுத்தினார்.

2. அதே நாள்: சுவரிலிருந்து ஒரு கல்லை எடுத்துத் துவாயில் சுற்றினார். "கேட்பாரில்லாமல் கிடக்கிற சாமி, மச்சான். நான் பால் வார்க்கப்போறன்," என்றார். சுவரோரம் எவரோ வைத்த மாலை இன்னும் வாடவில்லை.

3. நவம்பர் 9: ஊர் திரும்பி, சென்ட் லோரன்டிலுள்ள தம் வீட்டில் அக்கல்லுக்குப் பொட்டிட்டுப் பூசை செய்து, எனக்கும் விபூதி நீட்டினார்.

எங்கள் ஊர்க் கோயிற் கல்லை ஒருவன் இப்படித் தூக்கிப் போயிருந்தால், இதே மனிதர் தெருவில் பதாகை பிடித்திருப்பார்.

கல்லைத் திருப்பி அனுப்பச் சொல்ல இன்று அழைத்தேன். அவர் மனைவி, என் தங்கை வதனிதான் எடுத்தாள்.

"கோவிக்காதேங்கோ அண்ணை. அண்டைக்கே இவர் கழுவறைக்குப் போன நேரம் அதை எடுத்த இடத்திலையே வச்சிட்டு, துவாயிலை வேறை கல்லைச் சுத்திட்டன். இப்ப கும்பிடுறது அங்கை கார் விடுற இடத்திலை கிடந்த கல்லு."

"அவருக்குத் தெரியுமோ?"

"சொல்லிப்போடாதேங்கோ. அந்தக் கல்லாலைதான் மனிசன் காலமை எழும்பிக் குளிக்குது."

பதினொரு நாட்களுக்குப் பிறகு இன்றுதான் நிம்மதியாக உண்டேன். அந்தச் சுவர் முழுமையாக இருக்கிறது. வதனியின் இரகசியத்தையும் காப்பேன்.

ஆயினும் அவர் எடுத்தது எடுத்ததுதான். பிறர் கோயிலில் இனிக் கைவைப்பதில்லை என்று, ஞாயிறு மாலை ஆறு மணிக்குள், மச்சான் எனக்கு எழுத்தில் பதில் தர வேண்டும்.