பச்சைக் கதவின் சாவி

என் செல்லம் சின்னுவுக்கு, அம்மா ஆசையோடு எழுதுவது. நானும் அப்பாவும் நலம், நம் பூட்டுச்சாவிக் கடையும் நலம், அரம் பிடிக்கிற வலது கை மட்டும் குளிர் நாளில் கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது. நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, சளி இருமல் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன், இல்லாவிட்டால் என் நிம்மதிக்காகப் பொய்யாவது சொல். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் சொல்ல ஆரம்பித்தால் அப்பா நடுவில் புகுந்து கதையையே மாற்றிவிடுவார், ஏனென்றால் இந்தக் கதையில் குற்றவாளி அவர்தான்.

ரிட்டயர் ஆன கையோடு கடையின் பெயரில் இன்டர்நெட்டில் ஒரு பக்கம் தொடங்கினார் அல்லவா, அதில் நான் செய்கிற சாவி ஒவ்வொன்றையும், பிறந்த குழந்தையைக் காட்டுவதுபோல, படம் பிடித்துப் போட்டுக்கொண்டிருந்தார். போன வாரம் ஒரு நர்ஸம்மா வந்தார். புது வீட்டுக்குத் தனியாகக் குடிவந்திருக்கிறார், கையில் இருந்த ஒரே சாவிக்கு இன்னொன்று வேண்டும் என்றார். பற்களுக்கிடையே ஏழு வெட்டு உள்ள நுணுக்கமான சாவி, அப்படியே அச்சாக வந்துவிட்டது. அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. சாவியை என் உள்ளங்கையில் வைத்து, வெளிச்சமாகப் படம் எடுத்து, கீழே என்ன எழுதினார் தெரியுமா? தபால் நிலையத்துக்கு எதிர்ச் சந்து, பச்சைக் கதவு வீட்டு நர்ஸம்மாவின் சாவி, காலையில் வேலைக்குப் போனால் மாலையில்தான் திரும்புவாராம், அதனால் அரை மணியில் முடித்துக் கொடுத்தோம் என்று விலாவாரியாக எழுதிவிட்டார். வாருங்கள் என்று வெற்றிலை பாக்கு வைத்து அழைக்காததுதான் பாக்கி.

இருநூறு பேர் லைக் போட்டிருந்தார்கள், எனக்கும் தலைகால் புரியவில்லை, ஒளிப்பானேன். மறுநாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி என் வேலையை நானே ரசித்துக்கொண்டிருந்தேன். முதல் வெட்டு, இரண்டாவது வெட்டு என்று எண்ணிக்கொண்டே போனவளுக்கு ஐந்தாவதில்தான் உறைத்தது, ஒவ்வொரு வெட்டின் ஆழமும் படத்தில் அப்படியே தெரிகிறது. எனக்குத் தெரிகிறதென்றால் இந்தத் தொழில் தெரிந்த யாருக்கும் தெரியுமே. அப்பாவைக் கூப்பிட்டு உடனே அழிக்கச் சொன்னேன். அழித்தார், ஆனால் அதற்குள் முப்பது பேர் தங்களுக்குத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அதை அனுப்பியிருந்தார்கள், இப்போது யார் யார் போனில் இருக்கிறதோ. "படத்தைப் பாத்தெல்லாம் யாரு சாவி செய்யப்போறாங்க, நீ வேற" என்றார் அப்பா. நான் நேராக அரத்தை எடுத்தேன். என் போனில் இருந்த படத்தை மட்டும் பார்த்து, வெட்டு விழாத ஒரு வெற்றுச் சாவியை எடுத்து ராவத் தொடங்கினேன். இருபது நிமிடம்கூட ஆகவில்லை, சாவி தயார்.

மாலை இரண்டு பேருமாகப் பச்சைக் கதவு வீட்டுக்குப் போனோம். எனக்குக் கடை நினைப்புதான் சின்னு. அந்த அம்மா நாலு பேரிடம் சொன்னால் போதும், இருபத்திரண்டு வருடக் கடை, அதற்கப்புறம் எவர் என்னை நம்பிச் சாவியைக் கொடுப்பார்? நடந்ததைச் சொல்லி, உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ளச் சொன்னேன். வெளியிலிருந்து, படத்தைப் பார்த்துச் செய்த சாவியைப் போட்டுத் திருப்பினேன். எங்காவது சிக்கிக்கொள் என்று வேண்டிக்கொண்டேதான் திருப்பினேன், ஆனால் என் கை வேலை எப்போது சிக்கியிருக்கிறது, வெண்ணெயில் போவதுபோல் திறந்துகொண்டது. நர்ஸம்மா சாவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் பையிலிருந்து புதுப் பூட்டை எடுத்து, குனிந்த தலை நிமிராமல் மாற்றத் தொடங்கினேன். அப்பா ஸ்க்ரூக்களைக் கையில் ஏந்திக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் முட்டி போட்ட பையன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நின்றார். அதைப் பார்த்துத்தான் அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். சிரித்தார் பார், எங்களுக்கும் தொற்றிக்கொண்டது, பக்கத்து வீட்டில் எட்டிப் பார்த்தார்கள்.

வேலை முடிந்து இரண்டு புதுச் சாவிகளையும் நீட்டினேன். ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை என் உள்ளங்கையிலேயே வைத்து மூடிவிட்டார். "அவசரத்துக்கு ஒண்ணு வெளியில யார்கிட்டயாவது இருக்கணும், எனக்கு இங்க யாரையும் தெரியாது. செஞ்ச தப்பை வீடு தேடி வந்து சொன்னவங்ககிட்டயே இருக்கட்டும்" என்றார். பாதி ஊருக்குச் சாவி செய்து கொடுத்திருக்கிறேன், வைத்துக்கொள் என்று இதுவரை ஒருவரும் கொடுத்ததில்லை. வழியெல்லாம் நான் அந்தச் சாவியையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்ததால் கோபம் என்று நினைத்து அப்பா பயந்தே போனார். எனக்குச் சந்தோஷம், அவ்வளவுதான். இப்போது அவர் பூனைகளை மட்டும்தான் படம் பிடிக்கிறார்.

எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டு வைக்காதே என்று மூன்று வருடமாகத் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தினாயே, அதையும் மாற்றிவிட்டேன். ஊருக்கெல்லாம் தனித்தனிச் சாவி செய்கிறவள் எனக்கு மட்டும் ஒன்றை வைத்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தது எனக்கே வெட்கமாகப் போயிற்று. என்ன வைத்தேன் என்று கேட்காதே, அப்பாவுக்கே சொல்லவில்லை.

நோய்நொடி அண்டாமல், போகிற இடமெல்லாம் நல்ல மனிதர்கள் வாய்த்து, என் தங்கம் நன்றாக இருக்க வேண்டும். ஒன்று மறந்துவிட்டேன். உன் புது வீடு என்று எல்லாரும் பார்க்கப் போட்டிருக்கிறாயே ஒரு படம், அதில் உன் தோளுக்குப் பின்னால் ஆணியில் சாவி தொங்குகிறது. ஆறு வெட்டு, அதில் மூன்றாவது கொஞ்சம் ஆழம். முதலில் அந்தப் படத்தை எடு, கையோடு பூட்டையும் மாற்று.

இப்படிக்கு,
இருபது நிமிடத்தில் உன் வீட்டைத் திறந்துவிடக்கூடிய உன் அம்மா