தலைசுற்றலுக்கு ஆடிச்சுற்று

ஆடி, கொடியேற்றத்துக்கு மறுநாள், இரவு.

தலைசுற்றலுக்குக் காரணம் உள்காதுக் கோளாறு, இடது காது போகப்போகக் கேட்காது என்று டாக்டர் சொன்னார். நாயனக் கச்சேரி என்றால் உயிரை விடும் எனக்கு அது இடி. அம்மா உடனே நேர்ந்துகொண்டாள், நான் கோமதியம்மனுக்கு ஆடிச்சுற்று, அதாவது கோயிலை நூற்றெட்டு முறை, சுற்றவேண்டும் என்று! தலை சுற்றுகிறவன் கோயிலையும் சுற்றினால் என்ன ஆகும்? மூன்றாவது சுற்றிலேயே பிரகாரம் ராட்டினமாகிவிட்டது. தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஆடினேன்.

"ஏட்டி, அம்மன் இறங்கிட்டா!" என்று ஒருத்தி காலில் விழுந்தாள். "தாயே, எம்மவளுக்கு எப்பம் கல்யாணம் ஆவும்?"

"யக்கா, வாந்தி வருது, தள்ளிப் போங்க!"

"ஆத்தா கோவமா இருக்கா, தேங்கா ஒடைங்கடே!" என்றது கூடிவிட்ட கூட்டத்தில் ஒரு குரல்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அம்மா வந்தாள். காப்பாற்ற வருகிறாள் என்று பார்த்தால், அவளும் கையைக் கூப்பிவிட்டாள்.

"எம்புள்ளைக்குக் காது கேக்குமா, தாயே?"

அவள் கண்ணைப் பார்த்து இல்லை என்று சொல்ல வரவில்லை.

"கேக்கும்" என்றேன்.

சொன்னது நான்தான். ஆனாலும் இப்போது கொஞ்சம் தைரியமாகத்தான் இருக்கிறது.