சூசையப்பருக்கு ஞாயிறு விடுமுறை

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுகிறேன்.

ஆண்டவர் புண்ணியத்தில் நானும் உன் அப்பாவும் சுகம். என் முழங்கால் மட்டும் படிக்கட்டைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது, உன் அப்பாவுக்குச் சர்க்கரை அளவாக இருக்கிறது, வாய்தான் அளவில்லாமல் இருக்கிறது. நம் கோயில் சூசையப்பரும் சுகம், வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வெடுக்கிறார். இது என்ன புதுக்கூத்து என்பாய், அதைச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். போனில் சொல்லலாமென்றால் நீ பார்சல் கிடங்கில் பெட்டிகளுக்கு நடுவே நின்றுகொண்டு இரண்டு நிமிடம் பேசுகிறாய், அதிலும் பாதி நேரம் யாரோ உன்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கடிதமென்றால் நடுவில் எவனும் கூப்பிட முடியாது, ஆற அமர உட்கார்ந்து படி, தண்ணீர் குடித்துவிட்டுப் படி.

போன மாதம் ஒரு சனிக்கிழமை நீ போன் செய்தபோது ஒன்பது ஞாயிறாக விடாமல் டூட்டி, பூசைக்கே போக முடியவில்லை என்று சொன்னாய் அல்லவா, நானும் சரி உடம்பைப் பார்த்துக்கொள் என்று வைத்துவிட்டேன். உன் அப்பா அன்று முழுக்க அடுக்களைக்கும் வாசலுக்குமாக நடந்தார். ஆலையில் முப்பது வருடம் சங்கச் செயலாளராக இருந்த மனுஷன், ஓய்வு பெற்ற பிறகு யாருக்காகச் சண்டை போடுவதென்று தெரியாமல் குழாய் ரிப்பேர் பார்க்க வருகிறவருக்கெல்லாம் உரிமையை விளக்கிக்கொண்டிருந்தார். மறுநாள் பூசையில் பங்குச்சாமியார் பிரசங்கம் வைத்தார். ஓய்வு முதலாளி போடும் பிச்சையில்லை, உழைக்கிறவனுடைய உரிமை, படைத்தவரே ஏழாம் நாள் ஓய்ந்திருந்தார், திருச்சபை இதை எத்தனையோ காலமாகச் சொல்கிறது, நாம்தான் காதில் வாங்குவதில்லை என்றார். வழக்கம்போல எல்லோரும் காதில் வாங்காமல்தான் இருந்தார்கள், உன் அப்பா ஒருவர் வாங்கிக்கொண்டார். அவர் கண் பக்கப் பீடத்துத் தச்சர் சூசையப்பர் மேல் போய் நின்றுவிட்டது. கையில் ரம்பத்தோடு நாற்பது வருடமாக நிற்கிறாரே, ஒரு ஞாயிறாவது அதைக் கீழே வைத்திருக்கிறாரா என்று வீடு வரும் வரை என்னைக் குடைந்தார். மரச் சுரூபம் எப்படி வைக்கும் என்றேன். அதனால்தான் அவருக்காக நாம் பேச வேண்டியிருக்கிறது என்றார். இவரைக் கட்டிக்கொண்டு முப்பத்துநாலு வருடம் ஆகிறது, இப்படிப் பேசும்போது பதில் சொல்லக்கூடாது என்று இன்னும் எனக்குப் புத்தி வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை செபமாலை முடிந்து எல்லோரும் போனதும் இவர் போய் ரம்பத்தை உருவிவிட்டார். அது தனி மரத்துண்டுதான், வெள்ளிப் பூச்சுப் பூசி விரலிடுக்கில் செருகியிருக்கிறது. துண்டில் சுற்றிக்கொண்டு வந்து நம் அலமாரி மேல் வைத்தார், திங்கட்கிழமை காலைப் பூசைக்கு முன்னால் கொண்டுபோய்ச் செருகினார். இரண்டு வாரம் ஒரு குருவிக்கும் தெரியவில்லை, நாமெல்லாம் கேட்பதைக் கேட்டுவிட்டு வருகிற கூட்டம், அவர் கையை யார் பார்க்கிறார்கள். மூன்றாம் வாரம் இவருக்குத் தைரியம் வந்து கடையில் போய் அச்சடித்து ஒரு நோட்டீசும் ஒட்டிவிட்டார். ஞாயிறு வார விடுமுறை, அவசரத் தேவைகளுக்குப் புனித அந்தோனியாரை அணுகவும். கீழே ஒப்பம், நிர்வாகம்.

அவ்வளவுதான், கோயில் இரண்டுபட்டது. பாதிப்பேர் அந்தோனியார் முன்னால் வரிசை கட்டினார்கள். அந்தோனியார் பக்தர்கள், ஊரில் தொலைந்த சாவியைத் தேடித் தருவதெல்லாம் எங்கள் ஆள் தலையில், இதில் உங்கள் வேலையும் சேர வேண்டுமா என்று வழிமறித்தார்கள். மகளுக்கு வரன் கேட்டு ஒன்பது நாள் நவநாள் செபம் செய்துகொண்டிருந்த தையல்காரம்மா, நடுவில் ஞாயிறு லீவென்றால் பத்தாம் நாளும் செபிக்க வேண்டுமா என்று அழாக்குறையாகக் கேட்டாள், உபதேசியார் ஒரு விரலைத் தூக்கினார், பிறகு இரண்டாவது விரலைத் தூக்கினார், அப்புறம் சாமியாரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று போய்விட்டார். இதற்குள் ரம்பம் காணோம் என்பதும் தெரிந்துவிட்டது, திருடியவன் கிண்டலுக்கு நோட்டீசும் ஒட்டியிருக்கிறான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். கோயில் சாவி யாரிடம் இருக்கிறது? மணியடித்து, கூட்டிப் பெருக்கி, மெழுகுவத்தி ஏற்றுகிற நம் கோயில்பிள்ளையிடம். அன்றைக்கே பூசை முடிந்ததும் பங்குப்பேரவை கூடியது. அவரை வேலையை விட்டு அனுப்ப வேண்டும், பின்கட்டில் அவர் குடியிருக்கும் அறையையும் வாங்கிவிட வேண்டும் என்று பேச்சு. அவருக்கு அந்த ஒரு அறையை விட்டால் போக்கிடம் கிடையாது, உனக்கே தெரியும். மனுஷன் கையில் மெழுகுவத்தி அணைக்கும் குச்சியைப் பிடித்தபடி கதவோரம் நின்றார்.

நான் உன் அப்பாவைப் பார்த்தேன், முகம் வெளுத்துப் போயிருந்தது. சட்டென்று ஆலை வாசல் கூட்டம் என்று நினைத்தாரோ என்னவோ, நாற்காலி மேலேயே ஏறிவிட்டார்.

“ரம்பத்தை எடுத்தது நான். திருடல. லீவு விட்டேன்.”

ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு எல்லாவற்றையும் சொன்னார், ரம்பம் எங்கள் அலமாரி மேல் பத்திரமாக இருக்கிறது என்றும் சொன்னார், நான் தலையைக் குனிந்துகொண்டேன். உபதேசியார் எழுந்து, புனிதர்கள் நித்திய இளைப்பாற்றியில் இருக்கிறார்கள், அவர்களுக்கு வார லீவு தேவையில்லை என்றார். இளைப்பாறுகிறவரை எழுப்பி எதற்கு வரன் தேடச் சொல்கிறீர்கள் என்று இவர் திருப்பிக் கேட்டார். சாமியார் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு இருமினார், இருமல் இல்லை அது. தன் பிரசங்கத்தைத் தானே மறுக்கவும் முடியாதே. அப்போதுதான் கதவோரம் நின்ற கோயில்பிள்ளை வாயைத் திறந்தார்.

“ஐயா, அவருக்கு லீவு விட்டீங்க, சந்தோஷம். அவர் காலடியில நானும் இருபத்தாறு வருஷமா நிக்கிறேன். எனக்கு ஒரு திங்கக்கிழமையாவது உண்டா?”

உன் அப்பா நாற்காலியிலிருந்து மெதுவாக இறங்கினார். முப்பது வருடம் கொடி பிடித்தவர், மரத்துக்கு லீவு வாங்கிக் கொடுத்திருக்கிறார், பக்கத்தில் மூச்சு விடுகிறவரைப் பார்க்கவில்லை. அன்று மத்தியானம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. எனக்குப் பாவமாகவும் இருந்தது, நல்லா வேணும் என்றும் இருந்தது.

சூசையப்பருக்கு ஞாயிறு லீவு அப்படியே இருக்கட்டும், இனிமேல் திங்கட்கிழமை கோயில்பிள்ளைக்கு விடுமுறை, அன்று அவர் வேலையை உன் அப்பா பார்க்க வேண்டும் என்று சாமியார் தீர்ப்பு சொல்லிவிட்டார். முதல் திங்கள் இவர் பன்னிரண்டு மணி மூவேளை செப மணியைப் பதினோரு மணிக்கே அடித்துவிட்டார். தெருவே நின்று செபம் சொன்னது, பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டுக்கு விட்டுவிட்டார்கள், பேக்கரிக்காரர் கடையை அடைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சமையல் ஆகவில்லையா என்று சண்டை பிடித்தாராம். கோயில்பிள்ளை இஸ்திரி போட்ட சட்டையோடு கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். எங்காவது போய்வரக்கூடாதா என்று கேட்டேன். இந்தக் கோயிலில் இதுவரை உட்கார்ந்ததில்லை அம்மா, உட்கார்ந்து பார்க்கிறேன் என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதே கண்ணோடு வீட்டுக்கு வந்து அடுக்களையைப் பார்த்தேன். ஞாயிறு என்றால்தான் எனக்கு மூன்று வேளையும் அதிகச் சமையல், இத்தனை வருடத்தில் எனக்காக ஒரு நோட்டீசும் யாரும் ஒட்டவில்லை. வாயைத் திறந்து கேட்கவும் மனசு வரவில்லை. போன சனிக்கிழமை நானே கோயிலுக்குப் போய், ரம்பம் இல்லாத அந்தக் கையில் என் கரண்டியைச் செருகிவிட்டு வந்தேன். ஒரு நாள் அவர் பிடித்துக்கொண்டிருக்கட்டும், அவரும் குடும்பத் தலைவர்தானே. ஞாயிறு பூசையில் உன் அப்பா நிமிர்ந்தார், பார்த்தார். பிடி உடைந்து அவரே ஆணியடித்துக் கொடுத்த கரண்டி, தெரியாமல் இருக்குமா. எல்லோரும் எழுந்த பிறகும் முழங்காலிலேயே இருந்தார். வீட்டுக்கு வந்ததும் நேரே அடுக்களைக்குப் போய் உலை வைத்தார். சோறு பசையாகக் குழைந்துவிட்டது, அடுத்த நோட்டீசுக்கு ஆகும் என்று சொல்லிக்கொண்டே இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

தட்டு கழுவும்போதுதான் மனசில் இருந்ததைச் சொன்னார். நம்ம பிள்ளைக்கு ஒரு ஞாயிறு வாங்கித் தர என்னால் முடியவில்லை, அந்தக் கோபத்தைத்தான் சூசையப்பரிடம் போய்க் காட்டினேன் என்றார். குழாயை மூடாமல் நின்றுகொண்டிருந்தார், நான்தான் மூடினேன்.

வேளைக்குச் சாப்பிடு. கனமான பெட்டியை இடுப்பை வளைத்துத் தூக்காதே. படுக்கும் முன் ஒரு அருள்நிறை மந்திரமாவது சொல், பாதியில் தூங்கிப் போனாலும் பரவாயில்லை, மீதியை நான் இங்கே சொல்லிக்கொள்கிறேன். திருக்குடும்பம் உன்னைக் கைவிடாமல் காக்கட்டும், உன் நெற்றியில் சிலுவை போட்டதாக நினைத்துக்கொள்.

ஒன்றை மறந்துவிடாதே. வேலைக்கு நீ போடும் கையுறையில் ஒன்றைத் தபாலில் அனுப்பச் சொல்கிறார் உன் அப்பா. அது வந்து சேருகிற சனிக்கிழமையிலிருந்து சூசையப்பர் கையில் அதுதான் இருக்கப்போகிறதாம். ஒன்று போதும், ஒற்றைக் கையுறையோடு எவனும் உன்னை வேலைக்கு நிறுத்த மாட்டான் என்கிறார்.

ஞாயிறு சமைக்காத,
உன் அம்மா