சாதுப் பிள்ளை

என்னங்க,

போனில் பேசினால் அவனுக்குக் கேட்கும், அதனால்தான் கடிதம். பயப்படாதீர்கள், நம் பிள்ளைக்கு ஒன்றுமில்லை.

நேற்றுக் கட்டாயப்படுத்திக் குற்றாலத்துக்கு அழைத்துப்போனேன். அருவியில் தண்ணீர் பெருகி அபாயச் சங்கு ஊதியதும் எல்லோரும் வெளியே ஓடிவந்தார்கள். இவனும் வந்துவிட்டான். வந்தவன், போன் உள்ளே விழுந்துவிட்டதென்று என் கையை உதறிவிட்டு மறுபடியும் தண்ணீருக்குள் ஓடினான். போலீஸ்காரர்தான் இழுத்துவந்தார்.

"காலேஜ் படிக்குத பய, ஒரு போனுக்காகச் சாவப்போறியாலே?" என்று அவர் அதட்டினார்.

"அதுக்குள்ளதான் சார் எல்லாரும் இருக்காவ" என்று அழுதான்.

யாரோடும் ஊர்சுற்றாத சாதுப் பிள்ளை என்று நாம் பெருமையடித்தோமே.

போன் கிடைக்கவில்லை. காலையிலிருந்து அவன் சாப்பிடவில்லை. ஆசாரியை வரச்சொல்லி அவன் அறையின் உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டேன். ஏனென்றுகூட அவன் கேட்கவில்லை.

எப்படியாவது லீவு வாங்குங்கள்.

உங்கள் பிள்ளையின் அம்மா