தேயாத டயர்

2012 ஜூன் 4, திங்கள்

விடியற்காலையிலிருந்து மழை. கரண்ட் இரண்டு முறை போனது. இன்று முடிக்க வேண்டியவை: செல்வியக்கா பிளவுஸ், ஊக்கு, மெரூன் நூல், கேஸ் புக் பண்ண, டயர்.

டயர்தான் பெரிய வேலை. பழையது நான்கிலும் வெடிப்பு. என் வீட்டுக்காரர் கொச்சியில் செகண்ட் ஹேண்டாக வண்டி வாங்கியபோது அதோடு வந்தவை. வெள்ளை நிறம், இரண்டே கதவு, தரையோடு ஒட்டிக் கிடக்கும் ஸ்போர்ட்ஸ் கார். இவருடைய சின்ன வயசு ஆசை. வாங்கி, ஒரு லீவு முழுக்க ஓட்டிவிட்டு, மஸ்கட்டுக்கு விமானம் ஏறிவிட்டார். "வாரத்துக்கு ஒருக்கா ஸ்டார்ட் பண்ணிப் போடு, இல்லேங்கி பேட்டரி செத்துப் போவும்." எனக்கு இட்ட வேலை அவ்வளவுதான். நான் தினமும் தையல் கடைக்கே அதில்தான் போகிறேன். பிளவுஸ் தைக்கிறவளுக்கு ரேஸ் வண்டியா என்று ஊரே சிரிக்கிறது. சிரிக்கட்டும்.

மார்த்தாண்டம் கடையில் பழைய டயரின் அதே கம்பெனியில் புதுசுக்கு விலை கேட்டேன். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். அதே அளவில் வேறொன்று காட்டினார்கள். விலை பாதிக்கும் கீழே. பக்கவாட்டில் 'பெர்ஃபார்மன்ஸ்' என்று பெரிய எழுத்து. கம்பெனிப் பெயர் வாயில் நுழையவில்லை. பார்க்க அசல் ரேஸ் டயர்தான்.

துணைக்கு அப்பா வந்திருந்தார். குலசேகரத்தில் ரப்பர் ஷீட் வாங்கி விற்கிறவர், ஷீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தே தரம் சொல்லிவிடுவார். டயரைச் சுற்றி வந்தார். மோந்து பார்த்தார். பெருவிரல் நகத்தை அழுத்தினார். நகம் பதியவில்லை. முகம் மலர்ந்துவிட்டது.

"நல்ல கட்டி ரப்பராக்கும் மக்களே. உனக்க ஆயுசுக்கும் தேயாது. போடு."

கடைக்காரர் அப்பாவைக் கையெடுத்துக் கும்பிடாத குறை. போட்டாச்சு. நூல் வாங்க மறந்துவிட்டேன்.

ஜூன் 6, புதன்

நல்ல மழை. 

நேற்றே சந்தேகம். ஸ்டியரிங்கைத் திருப்பினால் உடனே கேட்பதில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் வண்டியின் மூக்கு திரும்புகிறது. முன்பெல்லாம் ரோட்டில் கிடக்கும் சின்னக் கல்கூட உள்ளங்கைக்குத் தெரியும். இப்போது கையுறை போட்டுக்கொண்டு ஊசியில் நூல் கோர்ப்பது மாதிரி. போதாக்குறைக்கு ஒரு இரைச்சல், வேகம் கூடக் கூட மாவு மில் உள்ளே உட்கார்ந்திருப்பது போல.

இன்று திற்பரப்பு அருவிக்குத் திரும்பும் வளைவு. எப்போதும் போகிற வேகம்தான். வண்டி திரும்பவில்லை, நேரே போயிற்று. பதறி ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன். எடுத்ததுதான் தாமதம், பின்பக்கம் சுற்றிக்கொண்டு வந்துவிட்டது. ரோட்டுக்குக் குறுக்கே நின்றேன். எதிரே வாழைக்குலை லாரி. அவர் பிரேக் போட்டது என் நல்ல நேரம். யாருக்கும் ஒன்றும் இல்லை.

லாரிக்காரர் தலையை நீட்டி, "எம்மா, உயிரு வேண்டாமா?" என்றார். அது நியாயமான கேள்வி. மன்னிப்புக் கேட்டேன். டீக்கடை ஓரத்திலிருந்து ஒருவர் சொன்னதுதான் பொறுக்கவில்லை. "பொம்பளையளுக்க கையில இதைக் குடுத்தா இப்பிடித்தான் கெடக்கும்."

"உமக்க கையில குடுத்தா ஸ்டார்ட் பண்ணத் தெரியுமா ஓய்?" என்றேன். 

ஜூன் 7, வியாழன்

மேகம். மழை இல்லை. செய்தி எனக்கு முன்னால் மஸ்கட் போய்ச் சேர்ந்துவிட்டது.

இவர்: "ஏட்டி, வண்டியக் கொண்டு மரத்துல இடிச்சியாமே?"

"மரத்துலயும் இடிக்கல, மண்ணுலயும் இடிக்கல. சறுக்கிச்சு. நின்னுது."

"டார்ப்பாய் போட்டு மூடிப் போடு. அடுத்த மாசம் லீவுக்கு வந்து வித்துப் போடுதேன். உனக்கு ஒரு ஸ்கூட்டி வாங்கித் தாறேன்."

ஸ்கூட்டியாம்! போனை வைத்துவிட்டேன்.

ஒரு நாளில் என்னிடம் யாரும் எதுவும் கேட்காத நேரம், அந்தக் கதவைச் சாத்தி ஓட்டும் நேரம்தான். வளைவில் வண்டியும் நானும் சேர்ந்து திரும்பும்போது வருகிற சந்தோஷம் எனக்கு வேறு எதிலும் கிடைத்ததில்லை. கல்யாணத்திலும் இல்லை. இதை யாரும் படிக்கப் போவதில்லை என்பதால் எழுதுகிறேன். விற்க விடமாட்டேன்.

ஜூன் 10, ஞாயிறு

வெயில் எட்டிப் பார்த்தது. அப்பா மீன் கொண்டுவந்தார், சாளை. சோற்றில் குழம்பு ஊற்றிக்கொண்டே சொன்னேன், இந்த டயர் மழையில் சறுக்குகிறது என்று.

"நீ பைய போணும். ரப்பருல குத்தம் இல்ல."

"கட்டியா இருக்கதுதான் குத்தம். ரோட்டைப் பிடிக்கணும்னா ரப்பர் இளக்கமா இருக்கணும். இது கல்லு மாதிரி கெடக்கு. சீக்கிரம் தேயுறதுதான் நல்ல டயரு அப்பா."

அப்பா சோற்றுத் தட்டை விட்டு எழுந்துவிட்டார். "தேயுறது நல்ல டயரா? ரப்பரைப் பத்தி நீ எனக்குச் சொல்லித் தாறியா? நான் ரப்பர் ஒட்டுப்பால் நாத்தத்துல பொறந்து வளந்தவனாக்கும்!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுற்றி எங்கே பார்த்தாலும் ரப்பர் மரம், வீட்டுக்குப் பின்னால் ஷீட் காய்கிறது, நாங்கள் போய் ரப்பரில் ஏமாந்திருக்கிறோம். ஜீப்புக்கும் செருப்புக்கும் தேயாமல் இருந்தால் போதும். அந்த நகத்தை வைத்தே அப்பா இதையும் அளந்துவிட்டார். நானும் தலையாட்டினேன். சமாதானப்படுத்தி மீண்டும் சாப்பிட வைத்தேன். ஆனால் ஒத்துக்கொள்ளவில்லை, இரண்டு பேரும்.

டயரை மாற்றப் போவதில்லை. மாற்றினால் டீக்கடை ஜெயித்ததாகிவிடும். இதே டயரில் ஓட்டுவேன்.

ஜூன் 19, செவ்வாய்

தூறல். தினமும் காலையில் ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்காரர்கள் வேலைக்குப் போகும் நேரத்துக்கு நானும் கிளம்பிவிடுகிறேன். அருமனை வரை போய்த் திரும்ப. ரோடு காலி.

இந்த டயரைப் பற்றித் தெரிந்துகொண்டது:

- வளைவுக்குள் பிரேக் கூடாது. எல்லாம் முன்னாலேயே முடித்துவிட வேண்டும். பழையது மன்னிக்கும், இது மன்னிக்காது.
- ஸ்டியரிங்கை வெடுக்கென்று திருப்பக் கூடாது. ரோட்டில் படுகிற ரப்பர்தான் கல்லு, பக்கவாட்டு ரப்பர் தொளதொள. அது ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார நேரம் கொடுத்து, பிறகு மீதியைத் திருப்ப வேண்டும்.
- காற்று கொஞ்சம் கூட்டினேன். வண்டி யோசிப்பது குறைந்தது. குழியில் இடுப்பு போகிறது, போகட்டும்.
- காலைச் சட்டென்று எடுக்கக் கூடாது. சாட்டின் துணியை மெஷினில் ஓட்டுகிற மாதிரி, மிதியில் ஒரே சீர்.
- செல்வியக்கா கை இறக்கம் அரை இஞ்ச் குறைக்கச் சொன்னார்.

முன்பு நான் ஓட்டியது ஓட்டல் இல்லை போலிருக்கிறது. நல்ல டயர் ஓட்டியிருக்கிறது, நான் உட்கார்ந்து போயிருக்கிறேன். இன்று திற்பரப்பு வளைவு, ஈர ரோடு, ஒரு கோடு போட்டது போல் திரும்பினேன். தனியாக வண்டிக்குள் கத்தினேன்.

ஜூலை 4, புதன்

மழை. இவர் திங்கள் வந்தார். பெட்டியில் பால்பவுடர், தைலம், எனக்கு ஒரு வாட்ச். இன்றுதான் சாவியை எடுத்தார். "நான் ஓட்டிக் காட்டுதேன் பாரு."

"மெதுவா வளையுங்க, இது பழைய டயரு இல்ல" என்றேன்.

"எனக்க வண்டி எனக்குத் தெரியாதா?"

தெரியவில்லை. இரண்டாவது வளைவிலேயே வெடுக்கென்று திருப்பினார், வண்டி யோசித்தது, இவர் இன்னும் திருப்பினார், பிறகு பிரேக்கில் ஏறி நின்றார். ரோட்டை விட்டு இறங்கி ஒரு ரப்பர் விளைக்குள், மரங்களுக்கு நடுவே, போய் நின்றோம். முன்சக்கரம் ஓடைக்குள். பால் வடிய மரத்தில் கட்டியிருந்த சிரட்டை ஒன்று தெறித்துப் பானட்டெல்லாம் வெள்ளைப் பால். ஒரு கீறல் இல்லை.

முகம் பேயறைந்த மாதிரி. "சவம், டயரா இது! வண்டியையே நாசம் பண்ணிப் போட்டிய, அப்பனும் மகளுமா." ஆள் கூட்டித் தள்ளி ஏற்றினோம். திரும்பி வரும்போதும் அவரே ஓட்டினார், மாட்டுவண்டி வேகத்தில்.  நான் ஏதாவது சொல்லியிருந்தால் இவர் மஸ்கட் கிளம்பும் நாள் வரை சண்டைதான்.

ராத்திரிச் சாப்பாட்டில்: நாகர்கோவில்காரர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வண்டி பார்க்க வருகிறாராம்.

ஜூலை 8, ஞாயிறு

பேய் மழை. நாகர்கோவில்காரர் குடையோடு வந்து இறங்கினார். ஐம்பது வயது இருக்கும், ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றார்.

இவர்: "மழை விடட்டுமே அண்ணாச்சி."

"மழையிலதான் பாக்கணும். நீங்க ஓட்டுங்க, நான் பக்கத்துல இருக்கேன்."

இவர் முட்டி வலிக்கிறது என்றார். இவருக்கு முட்டி வலித்து நான் பார்த்ததே இல்லை. சாவி மேசை மேல் கிடந்தது. எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன்.

வழியில் யோசனை. மோசமாக ஓட்டினால் அவர் வாங்கமாட்டார், வண்டி தங்கும். நன்றாக ஓட்டினால் போய்விடும். ஆனால் வேண்டுமென்றே மோசமாக ஓட்ட என் கை சம்மதிக்கவில்லை. டீக்கடை தாண்டித்தான் போக வேண்டும். ஓட்டுகிற மாதிரியே ஓட்டினேன். டயர் மட்டமானது, மழையில் பிடிக்காது, நீங்கள் வாங்கினால் முதலில் மாற்றுங்கள் என்றும் சொன்னேன்.

"மட்டம்னு சொல்லுதிய, வண்டி தண்டவாளத்துல போற மாதிரில்லா போவுது" என்றார் அவர். அருவி வளைவில் கையில் பிடித்திருந்த கைப்பிடியை விட்டுவிட்டு வெளியே வேடிக்கை பார்த்தார்.

வீட்டு வாசலில் இறங்கியதும் இவரிடம் கையை நீட்டினார். "எனக்குப் பிடிச்சிருக்கு. முடிச்சிருவோம்."

"விக்கதுக்கு இல்ல அண்ணாச்சி. மழையில வந்துட்டிய, மன்னிச்சிருங்க. காப்பி குடிச்சிட்டுப் போங்க" என்றேன்.

இவர் என்னைப் பார்த்தார். அவர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். காப்பி குடிக்காமலே போய்விட்டார்.

பிறகு நடந்தது, மறக்காமல் இருக்க:

"எனக்க வண்டியாக்கும் அது!"

"லீவுக்கு வரும்போ உங்களுக்க வண்டி. மத்த நாளெல்லாம் எனக்க வண்டி."

"பிறத்தி ஆளு முன்னால எனக்க மானத்த வாங்கிட்டே."

"நீங்க என்கிட்ட கேக்காம ஆளைக் கூட்டியாந்தியளே, அது என்ன?"

 டிவியைச் சத்தமாக வைத்தார். மீன் வாங்கவில்லை, பயறும் கஞ்சியும். இரண்டு பேரும் தனித்தனியாகச் சாப்பிட்டோம்.

ஜூலை 12, வியாழன்

மழை விட்டுவிட்டு. நான்கு நாளாக உப்பு, துண்டு, சோப்பு என்று ஒற்றை வார்த்தையில்தான் பேச்சு. சாவி என் தையல் மெஷின் டிராயரில். இவர் கேட்கவில்லை. அப்பா வந்து சமாதானம் பேசினார். டயரைத் தட்டிப் பார்த்து, "பாத்தியளா மாப்ள, ஒரு பொட்டுத் தேயல" என்றார். இவர் எழுந்து குளிக்கப் போய்விட்டார்.

ஜூலை 28, சனி

இவரைத் திருவனந்தபுரத்தில் விட்டுவிட்டு வந்தேன்.

காலையிலேயே மழை. டாக்சி சொல்லட்டுமா என்றார். நான் பெட்டியைத் தூக்கிப் பின்னால் வைத்தேன். ஏறினார், இடப்பக்கம். இந்த வண்டியில் அவர் இடப்பக்கம் உட்கார்ந்து இன்றுதான் பார்க்கிறேன்.

களியக்காவிளை வரை காலால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார். நெய்யாற்றின்கரைக்கு முன்னால் ஒரு பஸ் திடீரென்று குறுக்கே வந்து நின்றது. அதன் பின்விளக்கு கண்ணுக்குப் படும் முன்பே நான் வேகத்தைக் குறைத்திருந்தேன், முன்னால் ஸ்டாப்பில் கூட்டம் நின்றதைப் பார்த்து. ஈர ரோட்டில் வண்டி நேராக, அலுங்காமல் நின்றது. அவர் கால் மட்டும் மிதித்தபடி இருந்தது.

கொஞ்ச தூரம் போன பிறகு, சண்டைக்கு இல்லாத குரலில் கேட்டார். "எப்ப இதெல்லாம் படிச்சே?"

"நீங்க இல்லாதப்ப."

டயரைப் பற்றித்தான் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே கேட்டது. கேஸ் மாற்றியது, அம்மாவை ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்டது, கரு கலைந்தபோது தனியாக ஆட்டோ பிடித்துப் போனது, எல்லாமே அவர் இல்லாதப்ப. அவருக்கும் கேட்டிருக்கும். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.  நானும் சொன்னதைத் திருத்தவில்லை.

இறங்கும்போது, "பைய போ" என்றார். பழக்க தோஷம். பிறகு அவரே, "சரி, உனக்குத் தெரியும்" என்றார்.

திரும்பி வரும்போது அழுகை வரும் என்று நினைத்தேன். கோபம்தான் வந்தது, பாறசாலை வரை. அதற்கு அப்புறம் ரோடு காலியாக இருந்தது, ஓட்டினேன்.

இடது பின்சக்கரத்தில் காற்று குறைவு. நாளை பார்க்க வேண்டும்.