மார்லென் ஆன்ட்டிக்குப் பிஸ்கட் நிறம்

வக்குவா, மொரிஷியஸ்,
ஜூலை 1986

அன்புள்ள ஜெயா அக்காவுக்கு,

இங்கே அம்மா, அப்பா, நான், சமையலறைக் கூரையில் ஒழுகும் மழை எல்லோரும் சௌக்கியம். சென்னையில் நீயும் பெரியப்பா வீட்டாரும் இதே போல, ஒழுகாமல், சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று அம்மா எழுதச் சொன்னாள். ஒழுகாமல் என்பது மட்டும் என் சரக்கு. கையெழுத்தைப் பார்த்ததுமே கண்டுபிடித்திருப்பாய், இந்த மாதம் அம்மாவின் கடிதத்தை நான்தான் எழுதுகிறேன். அவள் கையில் ஊசி இருக்கிறது, மனசிலும் ஒன்று குத்திக்கொண்டிருக்கிறது. நடந்ததை மறைக்காமல் எழுது, கிண்டலைக் குறை என்று இரண்டு உத்தரவு. முதலாவதைச் செய்துவிடுவேன்.

மார்லென் ஆன்ட்டியை உனக்கு நினைவிருக்கும். போ பசானிலிருந்து பஸ் ஏறி வந்து அம்மாவின் ஸ்வெட்டர் ஃபேக்டரி வாசலில் நின்று பெண்களுக்காகக் கத்துவாரே, அவர்தான். ராத்திரி ஓவர்டைம் முடித்தவர்களை மெயின் ரோட்டில் இறக்கிவிட்டுப் போகக் கூடாது, வீட்டு வாசல்வரை வேன் வர வேண்டும் என்று வருஷக்கணக்காகச் சண்டை போட்டார். இப்போது வேன் வருகிறது. அம்மா கரும்புக்காட்டு ஓரமாகச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்த காலம் போயிற்று. அதற்கு நன்றியாக அவர் முகத்தையே தைத்துக் கொடுக்கலாம் என்று பெண்கள் முடிவு செய்தார்கள். சர்க்கரை மூட்டைக் கோணியைத் துவைத்து விரித்து, மிச்சம் விழுந்த கம்பளி நூலால் தையல். பார்த்துத் தைக்கப் பேப்பரில் வந்த கறுப்பு வெள்ளைப் போட்டோ. முகம் மட்டும் அம்மா பொறுப்பு, அவள் தையல் சுத்தமாம்.

நூல் பொறுக்க நம் வீட்டில்தான் கூடினார்கள். ஆனெத், அம்மாவுக்குப் பக்கத்து மிஷின்காரி, ஆன்ட்டியின் நிறமேதான் அவளுக்கும், சாக்லேட் நிறத்தில் ஒரு நூல்கண்டை எடுத்து நீட்டி, ராஜம், இதுதான் மார்லென் என்றாள். அம்மா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, கோணியும் பழுப்பு இதுவும் பழுப்பு, எடுப்பாக இருக்காது, படத்திலாவது கொஞ்சம் லட்சணமாக இருக்கட்டுமே என்று பிஸ்கட் நிறத்தை எடுத்தாள். அப்போது நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அந்தச் சாக்லேட்டில் தைத்தால் கரண்ட் போகும்போது ஆன்ட்டியை டார்ச் அடித்துத் தேட வேண்டும் என்றேன். ஆனெத்துக்கும் புரியட்டும் என்று கிரியோலில் வேறு சொன்னேன், பார் என் புத்தியை. எல்லோரும் சிரித்தார்கள். ஆனெத் அந்தக் கண்டைப் பைக்குள் திரும்ப வைத்தாள். இதைச் சொன்னவள் யார் என்று யோசித்துப் பார். நீ பாலில் விழுந்தவள், நான் டிகாஷனில் விழுந்தவள். அந்த ஜோக்கும் நம் வீட்டில் என்னைப் பார்த்துச் சொன்னதுதான்.

போன ஞாயிறு சர்ச் ஹாலில் படத்தைத் திறந்தார்கள். மார்லென் ஆன்ட்டி வெகுநேரம் பார்த்தார். கண் அவருடையது, காதில் தொங்கும் வளையம்கூட அவருடையது. எத்தனை அழகாய்த் தைத்திருக்கிறீர்கள் என்றவர், கிரியோலில் கிசன்லா சா, அதாவது யார் இந்தப் பெண், என்று கேட்டார். கைதட்டல் பாதியில் நின்றுவிட்டது. பிறகு அவரே சிரித்து, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, நான் பிறந்தபோது என் அம்மாவும் இந்த நிறத்தைத்தான் கேட்டாள், ஸ்டாக் இல்லை என்றார்கள் என்றார். ஹாலே சிரித்தது. அம்மா சிரிக்கவில்லை. எனக்கு முகம் சுட்டது. அக்கா, ஊரையே சிரிக்க வைக்கிறவள் நான், அன்றைக்கு யார் சிரிப்பதும் பிடிக்கவில்லை. அம்மா கேக்கைத் தொடவில்லை. படத்தைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டு, பஸ்ஸில் அதன் முகத்தைத் தன் பக்கம் திருப்பி மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

திங்கட்கிழமை அம்மா ஆனெத்தைக் கண்ணெடுத்துப் பார்க்கவே இல்லையாம். சாயங்காலம் வீட்டில் தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் அதற்குள் ஆனெத் போட்டுவைத்த அந்தச் சாக்லேட் கண்டு. நேற்று முழு முகத்தையும் பிரித்துவிட்டாள். பிரித்த இடத்தில் கோணி மட்டும் ஓட்டை ஓட்டையாய்த் தெரிந்தது. ஒரு கண்டு போதாது, நிழலுக்கு வேறு பழுப்பு வேண்டும் என்று மூன்று நான்கை ஜன்னலோரம் பரப்பினாள். திடீரென்று, மணி, இங்கே வா என்று கூப்பிட்டு என் முழங்கையைப் பிடித்து ஒவ்வொரு நூலையும் என் தோலில் வைத்துப் பார்த்தாள். இது கன்னத்துக்கு என்றாள். அந்த டார்ச் பேச்சை எங்கே கற்றாய் என்று கேட்டாள். பதில் அவளுக்கே தெரியும், கேட்டுவிட்டு என் கையை விடவும் இல்லை.

வரும் ஞாயிறு படத்தோடு போ பசானுக்குப் போகிறோம். ஆன்ட்டி வாங்கிக்கொள்வாரோ, வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவாரோ தெரியாது. ஆனெத்திடம் நானே போய்ப் பேச வேண்டுமாம், கிரியோலில்தான் சொன்னாய், கிரியோலிலேயே மன்னிப்புக் கேள் என்கிறாள் அம்மா.

வேளாவேளைக்குச் சாப்பிடு, பெரியம்மாவுக்கு வேலையில் கைகொடு, வெள்ளிக்கிழமை தலைக்கு எண்ணெய் வை, முருகன் துணை இருப்பான். இதெல்லாம் அம்மா. ஒவ்வொரு கடிதத்திலும் கடைசியில் வருமே, வெயிலில் அலையாதே கறுத்துவிடுவாய் என்று, அதையும் எழுதட்டுமா என்று கேட்டேன். அம்மா ஊசியிலிருந்து தலையை எடுக்காமல், குடை கொண்டுபோகச் சொல், மண்டை காயும், அதற்கு மேல் எதுவும் எழுதாதே என்றாள்.

அம்மாவின் ஆசியுடன்,
அவள் சொல்ல, சொல்லாததையும் சேர்த்து எழுதிய
உன் தங்கை ரமாமணி