மூன்று நாள் போகாத வாசம்

காலையிலிருந்து மூன்று முறை கை கழுவிவிட்டேன். குளிக்கிற சோப்பு, துணி சோப்பு, கடைசியாக உன் வழக்கப்படி ஃபேக்டரி டஸ்ட் தேயிலைத் தூள் ஒரு பிடி அள்ளி முழங்கை வரை தேய்த்தும் பார்த்தாயிற்று. போகவில்லை. காபி கொண்டுவந்த என் வீட்டுக்காரி மூக்கைச் சுளித்துக்கொண்டு இரண்டடி பின்னால் போனாள். "ஏனுங்க, கையில என்னங்க இந்த நாத்தம்? முட்டை அழுகுனாப்புல!" உன் வண்டியின் பின்சக்கரத்து கியர் ஆயில் என்றேன். டம்ளரை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஆமாம், உன் மோட்டார் சைக்கிள் இப்போது எங்கள் வாசலில் நிற்கிறது. போன வாரம் உன் மனைவி சாவியைக் கொண்டுவந்து கொடுத்தாள். "நீங்களே வச்சுக்குங்கண்ணே. ஷெட்டுல அது நிக்கிறத என்னால பாக்க முடியல" என்றாள். ஆறு மாதமாக ஓடாத வண்டிக்கு எத்தனையோ வேலை இருக்கிறது. நான் இன்று காலை முதலில் அந்த ஆயிலைத்தான் மாற்றினேன். உன்னிடம் செய்துகொண்டிருப்பதாகச் சொல்லிவிட்டுச் செய்யாமல் விட்ட வேலை அது.

எஸ்டேட் மேனேஜர் ஒருவர் வேலையை விட்டுப் போகும்போது, ஃபேக்டரி ஃபிட்டரான உன் கையில் அந்த ஜப்பான் வண்டியைக் கொடுத்துவிட்டுப் போனார். எருமைக் கனம். செயின் கிடையாது. லாரிக்கு இருப்பதுபோல எஞ்சினிலிருந்து பின்சக்கரம் வரை குழாய்க்குள் ஒரு தண்டு ஓடும். டீக்கடையில் நிறுத்தினால் நாலு பேராவது குனிந்து செயினைத் தேடுவார்கள். "வழியில எங்கயோ விழுந்துருச்சுங்க, கெடைச்சா எடுத்து வைங்க" என்பாய், முகத்தில் ஒரு பொட்டுச் சிரிப்பில்லாமல்.

சக்கரத்தோடு இருக்கும் அந்தக் கியருக்கு ஒரு டம்ளர் ஆயில்தான் பிடிக்கும். ஆபீஸ் கிளார்க்கான என்னை ஒரு ஞாயிற்றுக்கிழமை அதன் திருகைக் கழற்ற வைத்தாய். பழைய ஆயில் என் கையில் கொட்டியதும் கைதட்டிச் சிரித்தாய். "மூணு நாளைக்கு உங்க வீட்டுல உன்ன ஒதுக்கி வச்சிருவாங்க மச்சான்!"

நான் ஓட்ட, நீ பின்னால் உட்கார்ந்தது ஒரே ஒரு முறை, இத்தலார் ரோட்டில். "வளைவுல ஆக்சிலேட்டர பட்டுனு விட்டுறாத. பின்பக்கம் உக்காந்துரும்" என்று படித்துப் படித்துச் சொன்னாய். எதிரே பஸ் வந்தது. பயத்தில் விட்டுவிட்டேன். ஸ்டாண்டு ரோட்டில் உரசி, இரண்டு பேரும் கேரட் தோட்டத்துக்குள் போய் விழுந்தோம். தோட்டக்காரப் பெரியவர் ஓடிவந்து வண்டியைத் தூக்கிக் கொடுத்தார். பின்சக்கரத்தைப் பார்த்ததும், "ஐயோ, செயின் அறுந்து போச்சே!" என்று பாத்திக்குள் தேட ஆரம்பித்தார். முழங்கையில் ரத்தம் வழிய, நீயும் குனிந்து அவரோடு தேடினாய். பிறகு உண்மையைச் சொன்னதும் அவர் உன்னை அடிக்காத குறைதான்.

எனக்குச் சிரிப்பு அடங்கியதும் உன் முழங்கையில் கைக்குட்டையைக் கட்டினேன். உன்னை வைத்து இனி ஓட்டமாட்டேன் என்று அன்றே சொன்னேன். "விழுந்தா என்ன, கேரட்டுதானடா" என்றாய்.

போன மழைக்காலத்தில் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். கட்டிலில் சாய்ந்துகொண்டு நீ ஒன்றே ஒன்று கேட்டாய். "கிளென்மார்கனுக்கு ஒரு தடவ கூட்டிட்டுப் போ மச்சான். நீ ஓட்டு. நான் பின்னால உக்காந்துக்கறேன்." அங்கே மலை விளிம்பில் வண்டியை நிறுத்திவிட்டுக் கீழே தெரியும் காட்டைப் பார்த்தபடி இருப்பது உனக்குப் பிடிக்கும். உன் மனைவி வாசல் வரை வந்தாள். "குளிர்க்காத்து ஆகாதுங்கறாங்கண்ணே. ஆனா அவரு இதத்தான் கேக்குறாரு. நீங்களே பாத்துச் செய்ங்க" என்றாள். அவள் தடுக்கவில்லை. தடுத்தது என் பயம். உனக்கு மூச்சு முட்டிவிடுமோ, மறுபடி ஒரு வளைவில் நான் விட்டுவிடுவேனோ என்ற பயம்.

முடியாது என்று உன் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியமில்லை. பொய் சொன்னேன். பின்சக்கரத்து கியரில் ஆயில் ஒழுகுகிறது, பிரித்துப் போட்டிருக்கிறேன், புது ஆயில் சீல் கோயம்புத்தூரிலிருந்து வரவேண்டும் என்றேன். ஷெட் வரை உன்னால் நடக்க முடியாது என்ற தைரியம். தினமும் ஆபீஸ் விட்டதும் அங்கே போய்ப் பழைய தேயிலைப் பெட்டி மேல் உட்காருவேன். உன் காதில் விழட்டும் என்று ஸ்பேனரால் இரும்பைத் தட்டுவேன். பிறகு உங்கள் குழாயடியில் சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டு உன்னிடம் வருவேன். "இன்னைக்குப் பூராத்தையும் தொடச்சு வச்சுட்டேன், சீல் வந்தா முடிஞ்சுது" என்று அளப்பேன்.

நீ என் வலது கையை இரண்டு கைகளாலும் பிடித்து, மெதுவாக முகத்தருகே கொண்டுபோய்க் கொஞ்ச நேரம் வைத்திருப்பாய். பாசம் என்று நினைத்து எனக்குக் கண் கலங்கும். "அவசரமில்ல மச்சான். நிதானமாப் பண்ணு" என்பாய். கடைசிச் சாயங்காலமும் அதையே சொன்னாய்.

இன்று காலை என் வீட்டுக்காரி பின்னால் நகர்ந்தபோதுதான் எனக்குப் புரிந்தது. என் கையைத் தினமும் நீ முகர்ந்து பார்த்திருக்கிறாய். ஒரு நாளும் அதில் இந்த வாசம் இல்லை. உங்கள் வீட்டுக் குழாயடிச் சோப்புதான் மணத்திருக்கும். முதல் நாளே உனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் மறுநாள் மறுபடி கையை வாங்கிப் பார்த்திருக்கிறாய், இன்றைக்காவது இருக்குமா என்று. பயந்தாங்கொள்ளிப் பயலே என்று ஒரு வார்த்தை திட்டியிருக்கக் கூடாதா? திட்டியிருந்தால் அந்த ரோஷத்திலாவது உன்னைத் தூக்கி உட்கார வைத்திருப்பேன். வெட்கமாக இருக்கிறதடா.

ஞாயிற்றுக்கிழமை கிளென்மார்கன் போகிறேன். எந்த வளைவிலும் ஆக்சிலேட்டரை விடமாட்டேன். அது பெரிய காரியமில்லை, பின்னால் ஆள் இல்லாதபோது யாருக்கும் முடியும்.

மத்தியானம் இந்தக் கையாலேயே பிசைந்து சாப்பிட்டேன். வாசம் இன்னும் இரண்டு நாள் இருக்கும். சாயங்காலமானால் கால் தானாக உங்கள் வீட்டுப் பக்கம் திரும்புகிறது. உன்னிடம் நீட்டுவதற்கு இன்றைக்குத்தான் எனக்கு ஒரு கை இருக்கிறது.